நன்னடத்தைச் சாட்சி

...நல்லவர் என்று சொல்வதா, நல்ல தலைவர் என்று மட்டும் சொல்லித் தப்பிப்பதா, இரண்டும் ஒன்றுதானா... ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து உபதேசியார் வேதசிரோமணிக்கு இதே குடைச்சல். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இன்று பக்கத்து வீட்டு யூனியன் தலைவன் சத்தியநேசன்மேல் நன்னடத்தை வழக்கு. மில் ஸ்டிரைக்கை ஒடிக்க அவனை ரவுடி என்று போலீசில் எழுதிவிட்டார்கள், ஊரில் மதிப்புள்ள ஒருவர் வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து ஒழுக்கமானவர் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ஒரு வருஷம் ஜெயில். அவன் உள்ளே போனால் ஸ்டிரைக்கும் அன்றைக்கே படுத்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிகள் மெஷினடியில் நின்றே கால் வீங்கிக் கிடந்தார்களே, அவர்கள் உட்கார ஸ்டூல் வாங்கிக் கொடுத்தது யார், சபையார் நாமா? நாம் ஜெபம் பண்ணினோம், அவ்வளவுதான். மானேஜர் முன்னால் போய் நின்று கையை நீட்டிப் பேசியவன் அவன். அந்தக் கைதான் வீட்டில் பெண்டாட்டி அன்னாளை அடிக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. அந்தப் பக்கம் முதல் அடி விழுந்ததுமே உபதேசியார் குடும்ப ஜெபத்தைத் தொடங்கிவிடுவார், பெண்டாட்டி பிள்ளைகளை உட்காரவைத்து, கீர்த்தனையை உரக்கப் பாடச் சொல்லி... கர்த்தருக்குக் கேட்கவா உரக்க? தெருவுக்குக் கேட்கக் கூடாதென்றா, தன் காதில் விழக் கூடாதென்றா? வீட்டை ஒழுங்காக நடத்தாதவனால் சபையை நடத்த முடியாது என்று போன ஞாயிறுகூடப் பிரசங்கித்தாயே, அது சபைக்கு மட்டும்தானா, யூனியனுக்கும் சேர்த்தா? பெண்டாட்டியைத் தொட்டு அடிக்காத மானேஜர் ஸ்டூல் தரவில்லை, அடிக்கிறவன்தானே வாங்கித் தந்தான்... இதை எந்தப் பிரசங்கத்தில் வைப்பது? சொந்த வேதப்புத்தகத்தை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கோர்ட்டுப் புத்தகத்தின்மேல் சொல்லும் பொய் சர்க்கார் தலையில் விடியும் என்று ஒரு நினைப்பு. சீ, என்ன அற்பப் புத்தி. அவருக்கே வெட்கமாக இருந்தது.

கோர்ட்டு வாசலில் அன்னாள் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தாள், கன்னத்து வீக்கத்தை முந்தானையால் மூடிக்கொண்டு. “என்ன சொல்லப் போறிய, அண்ணாச்சி?” என்றாள். “பயப்படாத தாயி, அவனை உள்ள போக விட மாட்டேன்” என்றார். அவள் அவர் முகத்தையே கொஞ்சம் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அதற்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். புத்தகத்தின்மேல் கை வைத்ததும் பிரசங்கம் பண்ணும் ஞாயிற்றுக்கிழமைக் குரல் தானாக வந்தது. “ஒழுக்கமானவர். அடுத்த வீட்டுக்காரன் நான், எனக்குத் தெரியாதா?” மாஜிஸ்டிரேட் தலையாட்டினார். உபதேசியார் பொய் சொல்வாரா என்ன, யார்தான் சந்தேகப்படுவார்கள்... வழக்கு தள்ளுபடி. வெளியே ஒரே கோஷம். சத்தியநேசன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான், கண் கலங்கியிருந்தது, அதுவும் பொய்யில்லை. “ஒத்த வார்த்தையில அம்புட்டுக் குடும்பத்தையும் காப்பாத்திட்டிய அண்ணாச்சி.” திரும்பி, “ஏட்டி, எந்திரி, வீட்டுக்குப் போவோம்” என்றான்.

அவள் எழுந்தாள். அவனுக்குப் பின்னால் நடந்தாள். உபதேசியார் பார்த்துக்கொண்டே நின்றார்... ஒரு வருஷம். அவன் உள்ளே இருந்திருந்தால் இவள் ஒரு வருஷம் அடி படாமல் தூங்கியிருப்பாளே. வழி நெடுக ஸ்டிரைக்கை எடைபோட்டுப் பார்த்தாய், உன் ஆத்துமாவை எடைபோட்டுப் பார்த்தாய், இவளை ஒரு தடவையாவது தராசில் வைத்தாயா? என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டாளே... அவன் உள்ளே போய்விடுவானோ என்று பயந்தா கேட்டாள், போகட்டுமென்று ஆசைப்பட்டா?