ஆண் அந்துப்பூச்சிகள் தேடிவந்த ஸ்வெட்டர்

பூச்சிக்கு உணர்வேது என்று அலட்சியமாகக் கேட்பவர்மீது எனக்குக் கோபம் வரும். ஆண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றில் ஓடும் நரம்புகள் பெண்பூச்சியின் மணத்துக்காகவே காத்திருக்கின்றன. இதை எனக்குச் சொன்னவள், பூச்சி ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் என் மருமகள்.

உணர்கொம்பை இரு மின்முனைகளுக்கிடையே பொருத்திப் பெண்பூச்சியின் மணத்தை ஊதினால், திரையில் அதன் மின்துடிப்பைக் காட்டும் கோடு சரியும். வெறுங்காற்றை ஊதினால் அசையக் கூடாது. அவளுக்கோ மூன்று மாதமாக வெறுங்காற்றுக்கும் சரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் ஆய்வு வேறொருவர் கைக்குப் போகும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

கவனத்தில் அவளைக் குறைசொல்ல முடியாது. சோப்பின் வாசனை உணர்கொம்பைக் குழப்பிவிடும் என்றஞ்சி, குளிரூட்டிய அந்த அறையில் அணியும் ஸ்வெட்டரை அவள் துவைத்ததே இல்லை. துவைக்க எடுத்த என் மகனோடு ஒருநாள் முழுவதும் பேசாமலிருந்தாள்.

வியாழன் மாலை ஸ்வெட்டரைப் பால்கனிக் கம்பியில் எறிந்துவிட்டு, உண்ணாமல் படுத்துவிட்டாள். இருட்டியதும் கதவைச் சாத்தப் போன மகன் திரும்பிவந்து அவளருகில் அமர்ந்தான்.

"உன்னைப் பொண்ணு கேட்டு ஏழெட்டு பேர் வந்திருக்காங்க. எல்லாருக்கும் இறக்கை இருக்கு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

எரிச்சலோடு எழுந்துபோனவள் கம்பியருகே அப்படியே நின்றாள். விளக்கு எரியவில்லை, ஆயினும் ஸ்வெட்டரின் கைப்பகுதியில் ஆண் அந்துப்பூச்சிகள் இறக்கை துடிக்க மொய்த்திருந்தன. நாள்தோறும் பெண்பூச்சிகளைக் கையாண்டதில் அந்தக் கம்பளியில் மணம் ஏறியிருந்தது. கருவியின் காற்றுக்குழாய் அவள் பக்கத்துக் காற்றையே இழுத்து ஊதியிருக்கிறது.

"அப்போ மூணு மாசப் பதிவும் தப்புங்க," என்றாள்.

"தப்பு உன் சட்டையோடது. அந்தக் கொம்பு ஒருநாளும் பொய் சொல்லலையே."

மறுநாள் ஸ்வெட்டரின்றி நடுங்கிக்கொண்டே வெறுங்காற்றை ஊதினாள். கோடு அசையவில்லை. பழைய பதிவுகளைப் பற்றி வாய்திறக்காமல் இருந்திருக்கலாம். அவளோ அவற்றைப் பேராசிரியரின் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் நீக்கிவிடச் சொன்னாள். அவர் நன்றாகத் திட்டினார். பிறகு இன்னும் மூன்று மாதம் தந்தார்.

மாலையில் கதவைத் திறந்த என் மகனிடம் அவள் செய்தியைக்கூடச் சொல்லவில்லை. சில்லிட்டிருந்த இரு உள்ளங்கைகளையும் அவன் கன்னங்களில் வைத்தாள். நான் நாளிதழை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.