சொட்டுத் தண்ணி இறங்காத ஷூ

தலைமுடி காயவைக்கிற மெஷினை ஷூமேல் பிடித்து, மெழுகை உருக்கித் தோலுக்குள் இறக்கும் யோசனை அவனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "போதுங்க, ஷூ வெந்துடப் போகுது," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே? ஓட்டல் வாசலில் கதவு திறக்கும் வேலையில் அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேனேஜர் சொல்லப்போகிற நாள் அது. ஷூ மங்கலாக இருந்தால் அந்த மனுஷனுக்குப் பொறுக்காது. போன மாதம் ஒருத்தனை அதற்காகவே அனுப்பிவிட்டார்.

துணியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தான். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

வெளியே நல்ல மழை. ஷூமேல் விழுந்த துளியெல்லாம் உருண்டோடியது. ஆனால் ஓட்டல் படியில் ஏறும்போது கால்விரல் சில்லென்றது. குனிந்து பார்த்தான். சூட்டில் பசை இளகி, வலது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. அடப்பாவி, இன்றைக்கா?

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவன் பிளவு தெரியாதபடி கால்விரலைத் தரையில் அழுத்தி நின்றான்.

மேனேஜர் அவன் காலையே பார்த்தார். "என்னப்பா இது, தண்ணி ஒட்டவே மாட்டேங்குது! எப்படிப் பண்ணினே?"

"மெழுகு சார். சூடு காட்டி..."

"சாயங்காலம் இதுக்கும் அப்படியே பண்ணிடு." தன் காலை நீட்டினார். "என் கல்யாண ஷூ. பத்திரம்."

தலையாட்டினால் வேலை நிச்சயம். சாயங்காலம் அந்தக் கல்யாண ஷூவும் வாயைப் பிளக்கும். வலது காலைத் தூக்கிக் காட்டினான். அடிப்பாகம் தொங்கியது.

"சூடு காட்டினதுல இப்படி ஆயிடுச்சு சார். உங்களுது வேணாம்."

மேனேஜர் பிளந்த வாயைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாசல்ல கார் நிக்குது, குடையை எடு," என்றார். "நாளைக்கு வரும்போது அதைத் தைச்சுப் போட்டுட்டு வா."

"நாளைக்கா சார்?"

"ஏன், வரமாட்டியா?"

அவன் குடையை விரித்துக்கொண்டு மழையில் ஓடினான். ஷூ சளக் சளக்கென்று ஊருக்கே கேட்டது.