தோல் கூடும் வாரங்கள்

கண்ணாடிக்கு அப்பால், இருபத்தேழாம் வாரத்திலேயே வந்துவிட்ட சிசு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. தோல் இன்னும் கூடவில்லை, உடம்பின் ஈரமெல்லாம் அதன் வழியே போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கீதாஞ்சலிக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷமாக வேலூரில் ஓர் ஆய்வகத்தில் எலிக் கருக்களின் தோலைச் சீவிச் சீவிப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

பெஞ்சில் தங்கை அருணா தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொப்புளம் ஆறவில்லை. பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, சித்திரா பௌர்ணமியன்று பட்டப்பகலில் வெறுங்காலோடு அண்ணாமலையைச் சுற்றினாள். மறுநாள் விடிவதற்குள் வலி கண்டுவிட்டது.

"சூட்டுல உள்ளயே தோலு வெந்துபோயிருக்குமாக்கா?"

"அப்டியெல்லாம் இல்லடி." கீதாஞ்சலி வகுப்பெடுக்கிற குரலைப் பிடித்துக்கொண்டாள். "சூடு ஜாஸ்தியானா செல்லைக் காப்பாத்த சில புரதங்க வரும். ஆனா கருவுல தோலு உருவாகுறப்போ, சூடே இல்லைன்னாலும் அதுங்க வந்துடும். தோலைக் கட்டுற வேலைல அதுங்களுக்கும் பங்கு இருக்கு."

சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையையும் முந்தானைபோல இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. குழந்தை ஏன் முந்தி வந்தது என்பதற்கு அவளிடம் பதில் கிடையாது. அவளிடம் இருந்தது வேறொன்று. பௌர்ணமிக்கு முந்தின நாள் அருணா போனில் கேட்டிருந்தாள்: "நடக்கலாமாக்கா? அத்தை வேணாங்குறாங்க." மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே இவள் சொன்னாள்: "அவங்களுக்கு என்ன தெரியும்? நடந்தா நல்லதுதான், போ." எந்த நேரத்தில் என்றுகூடக் கேட்கவில்லை. அருணா இந்த நான்கு நாளில் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அருணாவின் மாமியார் ராஜம்மாள் டீ பிளாஸ்க்கோடு வந்தாள். வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமியா பேச்சக் கேட்டா கிரீடம் எறங்கிடுமா உனக்கு? மலை சுத்துற வழில, அடி அண்ணாமலை ஊர்லயே இருந்துக்கினு எத்தினி பேரு மயங்கி விழுறதப் பாத்திருப்பேன்! வேணாம், போனாலும் வெயிலு தாழட்டும்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே, பாவி!"

அருணாவின் தலை இன்னும் தாழ்ந்தது.

"நான்தான் போகச் சொன்னேன், அத்தை." கீதாஞ்சலிக்குத் தன் குரலே யாருடையதோ போலிருந்தது. "என்னைக் கேட்டுட்டுதான் போனா."

ராஜம்மாள் திருகிக்கொண்டிருந்த மூடியோடு அப்படியே நின்றாள்.

"பொய்யி, அத்தை," என்றாள் அருணா அவசரமாக. "எனக்குத் திட்டு விழுதேன்னு அக்கா சொல்லுது. நானாதான் போனேன்."

ராஜம்மாளின் முகம் இளகிவிட்டது. "கூடப் பொறந்தா இப்டி இருக்கணும்," என்றாள்.

மறுக்க வாய் திறந்தாள் கீதாஞ்சலி. அருணா அவள் மணிக்கட்டை இறுகப் பற்றி, வேண்டாம் என்று தலையசைத்தாள். ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை. வராததில் எங்கோ ஓர் ஓரத்தில் நிம்மதியும் இருந்தது, அதுதான் அவளைக் கூசவைத்தது.

ராஜம்மாள் முதல் டம்ளரை அவளிடம் நீட்டினாள். அவளும் வாங்கிக்கொண்டாள். தானும் குடித்து முடித்த பிறகுதான் ராஜம்மாள் அருணாவுக்கு ஊற்றினாள்.