நல்லதை முகப்பில் அடுக்கியவர்

பூந்தமல்லி பழக்கடையில் இருபது வருஷம் பழம் அடுக்கியவர் வீராசாமி. நல்லதை முகப்பில் வை, சொத்தையை அடியில் தள்ளு. அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். இப்போது திருநின்றவூரில் ஒரு சுரங்கக் கம்பெனியின் கற்கிடங்குக்குக் காவல். குடியிருக்கப் பின்னால் ஓர் அறை உண்டு, அவருக்கும் மனைவி கன்னியம்மாவுக்கும்.

போன மழையில் ஏரித்தண்ணீர் உள்ளே புகுந்து பெட்டிகளைக் கவிழ்த்தது. தரையெல்லாம் நிலத்தைத் துளைத்து எடுத்த உருளைக் கற்கள். ஆபீசில் கேட்டார்கள். "ஒரு சொட்டு வரல சார்" என்று விட்டார் ஒரு பொய். பிறகு கற்களைக் கழுவி, தேன் நிறத்தில் மினுக்கியவற்றைப் பொறுக்கி முன் பெட்டிகளில் கச்சிதமாக அடுக்கிவைத்தார்.

இன்று காலை கம்பெனியின் நிலவியலாளர் இஃபத் வந்து பெட்டிகளைத் திறந்தாள். படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினாள். மாலைக்குள் குதிக்காத குறை.

"அண்ணா, இந்தத் தேன் நிறக் கல்லு துத்தநாகம், பதினெட்டு மீட்டருக்கு ஒரே பட்டையா இருக்கு! எழுபதுகள்ல ஒரு குழு பள்ளம் வெட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு. அப்புறம் வந்தவங்க ஏழு துளை போட்டு இந்தக் கல்லெல்லாம் எடுத்துட்டு, 'விரல் அகலக் கீற்றுதான், தேறாது'ன்னு எழுதிட்டு ஓடிட்டாங்க. கண்ணு அவிஞ்சா போச்சு அவங்களுக்கு?"

வீராசாமி முன் பெட்டியை எட்டிப் பார்த்தார். "பட்டைன்னு இன்னாத்த வச்சு சொல்றம்மா?"

"வரிசைய வச்சுதான். முதல் கல்லு மேல இருந்து வந்தது, கடைசிக் கல்லு அடியில இருந்து. துளை மெஷின் லாரி சென்னீர்குப்பம் தாண்டிடுச்சு. துளை போடுற இடத்துல நாலு குடிசை குறுக்க இருக்கு, காலையில காலி பண்ணிடுவாங்க."

நாலு குடிசை. வாயைத் திறந்தால் பின்னறை போய்விடும். திறக்காவிட்டால்?

"யம்மா... அந்த வரிசை நான் வச்சதும்மா. தண்ணி உள்ள பூந்துச்சு. பளபளன்னு கீறத முன்னாடி அடுக்கினேன்."

இஃபத் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மேலதிகாரி சரணைப் போனில் அழைத்தாள்.

"சார், லாரிய நிறுத்துங்க. வரிசை கலைஞ்சிருக்கு... யார் சொன்னாங்களா?"

போனை அவரிடம் நீட்டினாள்.

"சார், வீராசாமி பேசறேன். தண்ணி வந்துச்சு சார். நான்தான் அடுக்கினேன்."

மறுமுனையில் லாரியைத் திருப்பச் சொல்லி யாரிடமோ கத்துவது கேட்டது. பிறகு குரல் அவரிடம் வந்தது. "சாவிய அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வெளிய நில்லு."

வீராசாமி கொத்திலிருந்து சாவியைக் கழற்றப் பார்த்தார். பின்னறைச் சாவியும் அதில்தான் இருந்தது; கொத்தோடு அவளிடம் நீட்டினார்.