விரல் எழும்வரை

"அவருக்குப் புத்தி கலங்கிடுச்சும்மா," என்றாள் அண்ணி, அண்ணன் படுத்திருந்த கட்டிலருகே நின்றபடியே.

"மெதுவாப் பேசுங்க அண்ணி."

"எதுக்கு? புரிஞ்சாத்தானே? ஒரு வாரமா திரையில வர்றதைப் பாரு. தலையும் இல்ல, வாலும் இல்ல."

நோயில் அண்ணனுக்கு மிஞ்சியது ஒரு சுட்டுவிரல். அதற்காகத் தங்கை எழுதிய கணினி நிரலில், திரையில் எழுத்து வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது விரலடியில் இருக்கும் ஸ்விட்சை அழுத்தினால் அது நிற்கும். பிறகு அதற்குள் எழுத்துகள் ஒளிரும். இப்படி ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துத்தான், "உன் சாம்பாருக்கு என் நாக்கு போனதே மேல்" என்று அண்ணியை வம்புக்கு இழுத்தவர் அவர்.

வீட்டுக் கணினி பழசு. திரையில் பொத்தான்களை வரைந்து தரும் மென்பொருள் தொகுப்பின் பழைய பதிப்பைத்தான் அது தாங்கும். சிகிச்சை மையத்தில் அதே நிரலைப் பயன்படுத்தும் மற்ற நோயாளிகளுக்குப் புதிய பதிப்பு. நாம் ஒரு அழுத்தல் என்று நினைப்பது கணினிக்கு இரண்டு செய்திகள்: விரல் இறங்கியது, விரல் எழுந்தது. பழையது முதல் செய்திக்கே வேலையைத் தொடங்கும். புதியது இரண்டாவதற்காகக் காத்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனி நிரல் வரிகளை வைத்துக்கொண்டு மாரடித்து அலுத்துப்போய், தங்கை போன வாரம்தான் இரண்டையும் விரல் எழுவதற்கே மாற்றி ஒன்றாக்கினாள். சோதித்தபோது கச்சிதமாக ஓடியது. சோதித்தது அவளுடைய விரல்.

இப்போது அண்ணனின் விரலைப் பார்த்தாள். சரியான வரிசையில், சட்டென்று இறங்கியது. எழத்தான் நேரமாயிற்று. நடுங்கி நடுங்கி அது மேலே வருவதற்குள் ஒளி இரண்டு வரிசை தாண்டியிருந்தது. அங்கே போய் நின்றது. வேண்டாத எழுத்து விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணி, அவருக்கு ஒண்ணுமில்ல. நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் விளக்கி முடிக்குமுன்பே அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ... நேத்து அந்தக் காப்பகத்துக்காரங்ககிட்ட நான் பேசினது? இங்கயே நின்னு, அவர் காதுபடத்தானே பேசினேன். எப்ப வேணா வந்து இவரைக் கூட்டிட்டுப் போங்கன்னேனே..."

தங்கை கணினி பக்கம் திரும்பினாள். தரையில் அமர்ந்து, நீக்கிய பழைய வரிகளைத் தேடி எடுத்துத் திரும்பச் சேர்த்தாள். நிரல் மறுபடி இயங்கத் தொடங்கியது. வெறும் திரை. முதல் வரிசையில் ஒளி ஏறியது.

அண்ணன் கண்களைத் திறந்து மனைவியைப் பார்த்தார். பிறகு திரையை. ஒளி ஒரு வரிசை இறங்கியது, இன்னொன்று. விரல் அழுந்தியது. வரிசை அங்கேயே நின்றது. அதற்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கின.