மூன்றாவது காது

கடவுள் உலகத்தில் எல்லாவற்றையும் பாதிதான் படைத்தார். மறுபாதியைக் கண்ணாடி வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டார். இதைச் சொன்னவன் அசாரே. குமாசி நகரத்தில் சுவாமே மேகசின் என்கிற வண்டிப் பட்டறைப் பேட்டையில், தகரக் கொட்டகை ஒன்றில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, சிரிக்காமல் சொன்னான். ஆகவே எந்த உதிரிப் பாகமானாலும் பாதி வரைந்தால் போதும், மீதியை 'மிர்ரர்' என்கிற பொத்தான் பார்த்துக்கொள்ளும். மனித முகம், பட்டாம்பூச்சி, மன்னரின் பீடம் என்று கைவசம் சான்றுகள் வைத்திருந்தான். கல்லீரல் ஒரு பக்கம்தானே இருக்கிறது என்று செர்வா கேட்டதற்கு, அது உள்ளே இருப்பதால் கணக்கில் வராது என்றான்.

செர்வா அவனோடு ஒரே வகுப்பில் பொறியியல் படித்தவள். அதே கொட்டகையில் இன்னொரு கணினியில் அதே வேலையைச் செய்கிறாள். உடைந்த பாகத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடிமேல் கவிழ்த்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படமெடுப்பாள். அந்தப் படத்தைத் திரையில் விரித்து, அதன் ஓரத்தை ஒட்டியே கோடு இழுப்பாள். அசாரேயைப் பொறுத்தவரை இது பரீட்சையில் பார்த்து எழுதுவது. 'ஜெராக்ஸ் மேடம்' என்று பேட்டை முழுக்கப் பரப்பினான். இயந்திரத்தின் மூடிமேல் 'பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியும் வைத்தான். அவள் அதைக் கிழிக்கவில்லை. அவனுக்கு 'டாக்டர் பாதி' என்று பெயர் வைத்தாள். அது இன்னும் வேகமாகப் பரவியது.

திங்கட்கிழமை டொன்கோர் வந்தார். பழைய ஜெர்மன் வேன் ஒன்றை ஊருக்கும் சந்தைக்குமாக ஓட்டுகிறவர். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற அலுமினிய மூக்கு உடைந்துவிட்டது. புதிது எங்கும் கிடைக்காது. எஞ்சினோடு ஒட்டுகிற தட்டையான அடி, அதில் போல்ட் மாட்ட மேலே ஒரு காது, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு, ஆக மூன்று காது. மூக்கில் பாதியை உப்புத் தின்றிருந்ததால் அப்படியே மணலில் பதித்து வார்க்கவும் முடியாது. கணினியில் முழுதாக்கி, பிளாஸ்டிக்கில் அச்செடுத்து, அதை வைத்துத்தான் வார்க்க வேண்டும்.

"சனிக்கிழமை மாமனார் அடக்கம். பொண்டாட்டி வீட்டு சனம் முழுக்க என் வண்டியிலதான் வருது, வாக்குக் குடுத்துட்டேன்," என்றார் டொன்கோர். "வண்டி போகலைன்னா அப்புறம் அந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் தண்ணி கிடையாது."

அசாரே பாகத்தைத் திருப்பிப் பார்த்தான். இடது காது கொஞ்சம் கீழே தொங்கியது.

"இதை வார்த்தவன் குடிச்சிருக்கான்ணே. நான் திருத்திக் குடுக்கிறேன்."

"ஒரு தடவை ஜெராக்ஸ்ல வெச்சுப் பாத்துக்க," என்றாள் செர்வா, திரும்பாமலே.

"வண்டிக்கு மூக்கு செய்யறோம் மேடம். ஹோம்வொர்க் இல்லை."

வலது பாதியை வெர்னியரால் அளந்தான். பின்னங்கள் வந்த இடத்திலெல்லாம் முழு எண் போட்டான். பின்னம் என்பது அளப்பவனின் கை நடுக்கம் என்பது அவன் கொள்கை. பொத்தானை அழுத்தினான். இடது காது சமமாக வந்து உட்கார்ந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. வண்டியைப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. ஜெர்மன்காரன் கோணலாகத் துளை போடமாட்டான்.

வியாழக்கிழமை மதியம் டொன்கோர் புது மூக்கை மேசைமேல் எறிந்தார். அது ஒருமுறை துள்ளி விசைப்பலகைமேல் விழுந்து, திரையில் ஒரே எழுத்தை வரிசையாக அடித்துக்கொண்டே போனது.

"ரெண்டு போல்ட் ஏறுது. மூணாவதுக்கு எஞ்சின்ல அந்த இடத்துல ஓட்டையே இல்லை."

"இருக்கணுமே."

"இருந்துச்சு. மரை தேஞ்சு போயி, அதை அடைச்சு, கீழ புது ஓட்டை போட்டாங்க. அதுக்கு ஏத்த மாதிரி காதை இறக்கி வார்த்தாங்க. இதே பேட்டையிலதான். நீ அப்ப ட்ரவுசர் போட்டுக்கிட்டிருந்திருப்ப."

"நீங்க சொல்லவே இல்லையே."

"என்னைப் பேச விட்டியா? கோணலைக் கையில குடுத்தேன், திருத்தறேன்ன. சரி, வா, என் எஞ்சினையும் திருத்திக் குடு."

"காதுல இருக்கிற ஓட்டையை அரத்தால கொஞ்சம் கீழ இழுத்துட்டா..."

"இழுத்தா தண்ணி ஒழுகும். கல்லறைக்குப் போற வழியில என் மாமியாரை இறங்கித் தள்ளச் சொல்லவா?"

வெளியே ஃபிட்டர்கள் கூடிவிட்டார்கள். "டாக்டர், மீதிப் பாதியை எங்க வெச்சீங்க?" என்று ஒருவன் குரல் கொடுத்தான். டொன்கோர் சிரிக்கவில்லை. "நாளைக்கு சாயங்காலம் வருவேன். மூக்கு இல்லைன்னா இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி எஞ்சின்ல மாட்டிக்கிட்டுப் போவேன்," என்று சொல்லிவிட்டுப் பழைய பாகத்தை வைத்துவிட்டுப் போனார்.

அசாரே செர்வாவின் பக்கம் திரும்பினான்.

"நான் தொடமாட்டேன்பா. கையெல்லாம் ஜெராக்ஸ் மை," என்றாள் அவள். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "கென்கே சாப்பிடப் போறேன். உனக்கு வாங்கிட்டு வரவா? பாதி போதுமா?"

அவன் வெர்னியரை எடுத்தான். தொங்கும் காதை அளந்தான். மறுபடி அளந்தால் வேறு எண் வந்தது. அந்த வளைவு எந்த வட்டத்தையும் சேர்ந்ததாக இல்லை. யாரோ அரத்தால் ராவி, மாட்டிப் பார்த்து, திரும்ப ராவியிருக்கிறார்கள். திரையில் வட்டவில் போட்டான், அழித்தான். ஒரு காதுக்கு நடுப்புள்ளி இல்லாமலிருப்பது ஒழுக்கக்கேடு என்று நினைத்தான். நினைத்ததில் ஒன்றும் ஆகவில்லை.

செர்வா வெளியே போகும்போது ஜெராக்ஸ் இயந்திரத்தை எப்போதும் அணைத்துவிட்டுப் போவாள். அன்று அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அசாரே எழுந்து கதவைச் சாத்தினான். மூடியைத் தூக்கினான், அவன் ஒட்டிய தாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. கோணல் பாகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, பக்கத்தில் அவளுடைய அடிக்கோலை நேராக வைத்தான். மிச்ச மூக்கு நிமிர்ந்து நின்றதால் மூடி மூடவில்லை. சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். பொத்தானை அழுத்தியதும் சட்டைக்கடியில் வெளிச்சம் மெல்ல நகர ஆரம்பித்தது. காஜாத் துளைகளில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, தொங்கும் காதைக் கடந்து, கடைசித் துளையில் வந்து அணைந்தது.