கம்பளம் காயும் வெயில்

அண்ணனுக்குக் கொள்ளிக்குடம் தூக்க வேண்டிய சின்னராசாவுக்குப் பாதித் தலைதான் மழித்திருந்தது; அதற்குள் துரைமார் கிளப்பின் பட்லர் ஞானரட்ணம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து நின்றார். இழவு கேட்கத்தான் வந்தார் என்று நம்ப அங்கே யாரும் அவ்வளவு அப்பாவி இல்லை. அவர் கண் பிணத்தின் மேல் இல்லை, வானத்தின் மேல் இருந்தது. ஆனி பிறந்ததிலிருந்து ஹட்டனை ஊறவைத்த மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது.

"வெயில் வந்துருச்சு சின்னராசா. இப்ப கம்பளத்தை வெளிய விரிச்சாத்தான் ராத்திரி டான்ஸுக்குக் காயும். ஒரு எட்டு வந்துட்டுப் போ."

புருஷன் சிவசாமியின் தலைமாட்டில் இருந்த வேலாயி நிமிர்ந்து பார்த்தாள். மழைக்காலத்தில் கம்பளத்தின் மேல் ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவிக் கூட்டுவதோடு சரி. அதுதான் கிளப்பின் பழைய முறை. மழையோ வெயிலோ, மாதம் ஒருதரம் வெளியே போட்டுத் தட்டியே ஆகவேண்டும் என்று புது முறை வைத்தவர் இந்த மனிதர்தான். நேற்று, நனைந்த கம்பளத்தைத் தனியாளாய்ச் சுமந்தபோதுதான் சிவசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

"கொடம் தூக்குறவன் எங்கயும் போகக் கூடாதுங்க," என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பூரணி. "ஒங்க கம்பளத்துக்கு என்ன, சீவனா போவுது?"

"அப்ப அவன் அண்ணன் வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

சின்னராசா பாதி மொட்டையைத் துண்டால் மூடிக்கொண்டு எழுந்தான். "இந்தா வந்துர்றேன் மதினி."

'வாய் வேலாயி' என்று லயமே பட்டம் கட்டியிருந்தது. அன்றைக்கு அவள் புருஷன் முகத்து ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். தப்பு மேளம் நின்றது. வந்த சனம் வெயிலில் முதுகு காய்ந்தது. யாரோ துணிகூட உலர்த்தினார்கள். அதைக் கண்டதும் வேலாயி எழுந்து, குடத்தைத் தன் தோளில் வைத்தாள்.

"ஏத்தா, பொம்பளை..." என்றார் தப்படிக்கிற அழகன்.

"பாடையைத் தூக்குங்க."

வழக்கப்படி லயக் கோடியிலேயே வீடு திரும்ப வேண்டிய பெண்களும் திரும்பவில்லை. இதை விட்டால் வேறு எப்போது பார்ப்பது? மயானத்துப் பாதை கிளப் வாசலைத் தாண்டிப் போகும். வேலாயி தாண்டவில்லை; உள்ளே நுழைந்தாள்.

புல்வெளியில் நீலக் கம்பளம் ஆவி பறக்க விரிந்திருந்தது. சேறு அப்பிய காலோடு அதன் நடுவே போய் நின்றாள். பின்னாலேயே பாடை, அதன் பின்னால் ஊர்.

"ஐயோ, சீமைக் கம்பளம்டி!" ஞானரட்ணம் ஓடிவந்தார்.

பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவது வழக்கம்.

"இங்கயே எறக்கித் திருப்புங்க," என்றாள். "நேத்து அவரு சொமந்தாரு. இன்னிக்கு அது சொமக்கட்டும்."

இறக்கினார்கள். திருப்பினார்கள். சின்னராசா கம்பளம் தட்டக் கையிலிருந்த பிரம்பைப் போட்டுவிட்டு வந்து, குடத்துக்குக் கை நீட்டினான்.

வேலாயி குடத்தை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.